இரண்டு முகப்புள்ள வீடு

"வீடு நகரவே இல்லையே? அப்புறம் எப்படி அதோட விலை மட்டும் ஏறிச்சு?"

யெய்சன் என்ற ஆறு வயதுப் பையன் ஒருமுறை கேட்ட கேள்வி இது. மனிசாலெஸ் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் சான் ரொகே மேட்டில், கோயில் கூடத்தில் வைத்துக் கேட்டான். மாநகராட்சியிலிருந்து வந்திருந்த பொறியாளர் எச்செவெரி சுவரில் வரைபடத்தை ஒட்டி விளக்கிக்கொண்டிருந்த நேரம். பள்ளத்தின் மேல் பாலம் வருகிறது, பாலத்திலிருந்து மேட்டின் முதுகோடு அகலச் சாலை வருகிறது, சாலை வந்தால் வீடுகளின் விலை ஏறும், அந்த ஏற்றத்தில் ஒரு பங்கை வீட்டுக்காரர்களே சாலைச் செலவுக்குத் தர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பையனின் தாய் நோரல்பா மேட்டில் அழகு நிலையம் வைத்திருப்பவள். அவள் அவன் வாயில் ஒரு துண்டு ரொட்டியைத் திணித்தாள். பொறியாளர் சிரித்தார். பதில் சொல்லத்தான் நினைத்தார் போலிருக்கிறது. ஆனால் வரைபடத்தின் ஒரு மூலை கழன்று விழுந்தது, அதைப் பிடிக்கப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி கதவோரத்தில் நின்றிருந்த எதில்மாவின் காதில் விழுந்தது. அவள் கூட்டத்துக்கென்று வந்தவள் அல்ல. பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கும் விதவை. கோயில் கூடத்துச் சாவி அவளிடம் இருந்தது. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் பூட்டிக்கொண்டு போகலாம் என்று காத்திருந்தாள்.

வரிக் கணக்குப் போடும் குழுவில் வீட்டுக்காரர்கள் சார்பில் ஒருவர் உட்கார வேண்டும், அவரை இப்போதே தேர்ந்தெடுங்கள் என்று சொல்லி, வந்தவர்கள் பெயரெழுதிக் கையெழுத்துப் போட ஒரு தாளைப் பொறியாளர் மேசைமேல் வைத்தார். தாளைக் கண்டதும் கூடம் காலியாகத் தொடங்கியது. ஒருத்திக்கு அடுப்பில் பருப்பு இருந்தது. ஒருவனுக்குக் கழுதையைக் கட்டாமல் வந்தது நினைவுக்கு வந்தது. அவனிடம் கழுதை கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

சான் ரொகே மேட்டுக்காரர்கள் கோழைகள் அல்ல. அவர்களுடைய அப்பன்மார் கலவரக் காலத்தில் மலைப் பண்ணைகளில் ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுவாரம் நிலமில்லாமல் இந்த மேட்டுக்கு ஏறி வந்தவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுப் போன சொத்து ஒரே ஒரு வாக்கியம்: கையெழுத்துப் போடாத காகிதம் கடிக்காது. பிரதிநிதிக்கு ஓட்டுப் போட்டால் வரிக்கே ஓட்டுப் போட்டதாக எழுதிக்கொள்வார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். உண்மையில் ஓட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் வரி வரத்தான் போகிறது. போடாமல் போனால் தங்களுக்காகப் பேச ஆளில்லாமல் போகும், அவ்வளவுதான்.

மிஞ்சியவர்கள் மூன்று பேர். கறிக்கடை ரூபியெல், தூங்கிவிட்டதால். அவன் மனைவி, அவனை எழுப்ப வேண்டியிருந்ததால். மூன்றாவது ஆள் தோன் லிசார்தோ; தோன், தோன்யா என்பவை அங்கே பெரியவர்களை மரியாதையாக அழைக்கும் சொற்கள். மூட்டு வலியால் அவர் எழுந்திருக்கவே நேரமாகும்.

"யாரைப் போடறது?" என்றான் ரூபியெல், கண்ணைத் தேய்த்துக்கொண்டு.

"சாவி யார்கிட்ட இருக்கோ அவங்களையே போடு," என்றார் தோன் லிசார்தோ. "ஊர்ச் சாமானைப் பூட்டி வைக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஊர்ப் பணத்தையும் பூட்டி வைக்கத் தெரியும்."

"ஐயோ, தோன் லிசார்தோ! நான் நாற்காலி அடுக்க வந்தவ."

"அடுக்குங்க, யார் வேண்டாம்னா? அதுக்கு முன்னாடி இதையும் ஏத்துக்கிட்டுப் போங்க."

இப்படித்தான் எதில்மா பிரதிநிதி ஆனாள்.

குழு மாதம் ஒருமுறை கூடியது. முதல் கூட்டத்திலிருந்து திரும்பி வந்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. இரண்டாவது கூட்டத்தில், தனக்குப் புரிகிற மாதிரி ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லும்படி பொறியாளரைக் கேட்டாள்.

பொறியாளர் யோசித்தார். "நீங்க மேட்டுல சன்கோச்சோ வைப்பீங்கள்ல?"

"வைக்காம? ஊர் வேலைன்னா சூப்புச் சட்டிதான் முதல்ல வரும்."

"அதுல ஆளுக்கு ஒண்ணு கொண்டுவந்து போடறாங்க. மரவள்ளி இருக்கறவன் மரவள்ளி, கோழி இருக்கறவன் கோழி. இதுவும் அப்படித்தான். பாலத்துக்கும் சாலைக்கும் ஆகற செலவு ஒரு சட்டி. அதுல ஒரு பாதியை நகரம் போடுது. மீதியை, சாலையால யாருக்கு எவ்வளவு லாபமோ அவ்வளவுக்கு அவங்கவங்க போடணும். சாலையைப் பார்த்த வீடு கோழி போடணும். சந்துக்குள்ள இருக்கற வீடு ரெண்டு வாழைக்காய் போட்டா போதும்."

"ஒருத்தர் கோழி போட முடியலைன்னா?"

"சட்டி நிறையணுமே, தோன்யா எதில்மா. அவர் குறைச்சுப் போட்டா, அதை மத்தவங்க எல்லாரும் பங்கு போட்டு நிரப்பணும்."

அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. நகரம் செலவு செய்து சாலை போடும், நம் வீட்டின் விலை ஏறும், நாம் கையைக் கட்டிக்கொண்டு இருப்போம் என்றால் அது எந்த ஊர் நியாயம்? யெய்சன் கேட்ட கேள்விக்கும் அவளுக்கு விடை கிடைத்தது. வீடு நகரவில்லை. நகரம்தான் வீட்டுக்குக் கிட்டே நகர்ந்து வந்தது. அதற்கு வண்டிக் கூலி யாராவது தர வேண்டும்.

தோன் லிசார்தோவின் வரிச் சீட்டு வந்தபோதுதான் அந்த நியாயத்தில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்தது.

சீட்டுகள் வந்த வாரம் மேடு முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டது. தபால்காரன் தட்டினால் யாரும் திறக்கவில்லை. நோரல்பா அழகு நிலையத்து நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு "நான் வீட்ல இல்லை" என்று அவளே குரல் கொடுத்தாள். தபால்காரன் சீட்டுகளைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனான். அங்கேயே மழையில் நனைந்து கிடந்தன. எதில்மா ஒவ்வொரு வீடாகப் போய், ஆட்சேபம் சொல்லக் கெடு உண்டு, அது தாண்டினால் சீட்டில் உள்ளதே நிலைத்துவிடும் என்று சொல்லிப் பார்த்தாள். தோன் லிசார்தோ மட்டும் சீட்டை வாங்கிப் பிரித்து வைத்திருந்தார்.

"உள்ள வாங்க, வாங்க," என்றார். "இந்தத் தாள் சொல்லுது, என் வீட்டுக்குள்ள ஒரு பணக்காரன் இருக்கானாம். காலையிலேர்ந்து தேடிக்கிட்டிருக்கேன். கட்டிலுக்கு அடியிலயும் பார்த்துட்டேன்."

அவள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். மேட்டிலேயே பெரிய தொகை. கறிக்கடையை விட அதிகம், மரக்கிடங்கை விட அதிகம். அவர் ஒருகாலத்தில் ஜீப்பில் காப்பி மூட்டை ஏற்றிப் பிழைத்தவர். இப்போது ஜீப்பும் இல்லை, மனைவியும் இல்லை. வாழை மரமும் கொஞ்சம் காப்பிச் செடியும் உள்ள சின்ன வீடு. எப்படி இவ்வளவு?

"ரெண்டு முகப்பாம்," என்றார். "முன்னால ஒரு சாலை, பக்கத்துல ஒரு சாலை. மூலை மனை. கடை கட்டறதுக்கு ராஜா மாதிரி மனையாம். மருந்துக் கடைக்காரன் ஒருத்தன் நேத்து வெள்ளை வண்டில வந்தான். என்னைப் பார்க்கலை, என் சுவரைத்தான் பார்த்தான். எவ்வளவு கேக்கறீங்கன்னான். நான் சாவற வரைக்கும் இங்க இருக்கக் கேக்கறேன்னேன். புரியாம போயிட்டான்."

"பக்கத்துச் சாலையா? அது உங்க தோட்டமாச்சே!"

"இருந்துச்சு," என்றார் அவர். எழுந்து கருப்புக் காப்பி ஊற்றப் போனார்.

அவள் காப்பியை வாங்கிக்கொண்டாள். அந்தப் பக்கத்துச் சாலை எப்படிச் சாலை ஆனது என்று மேட்டில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு மற்றவர்களை விட நன்றாகத் தெரியும்.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஓர் அடைமழையில் கீழ்ப்பாதை சரிந்து பள்ளத்தில் போய்விட்டது. மேட்டை விட்டு இறங்க வழியில்லை. எதில்மாவுக்குப் பிரசவ வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். சமையலறை நாற்காலியில் அவளைக் கட்டி நான்கு பேர் தூக்கிக்கொண்டு நின்றார்கள், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல். அப்போது தோன் லிசார்தோ கடப்பாரையை எடுத்துத் தன் தோட்டத்து மதிலை இடித்தார். பூத்திருந்த காப்பிச் செடிகளின் நடுவே நாற்காலி போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. அப்படி ஊர் கூடி வேலை செய்வதற்கு அங்கே கொன்விதே என்று பெயர். மதிலை முழுவதுமாக எடுத்துவிட்டுத் தோட்டத்தில் ஒரு பட்டையைப் பாதையாகத் தோண்டினார்கள். "எடுத்துக்குங்க, காப்பி வேற எங்கயும் முளைக்கும்" என்றார் அவர். யாரும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. கையெழுத்தில்லாமல் வந்த பாதை, அதனால் ஊருக்கு அது ரொம்பப் பிடித்தது. அந்தப் பாதையின் மேல்தான் இப்போது நகரம் சாலை போடுகிறது.

கொடுத்த கையையே அளந்து, நீ இரண்டு முகப்புக்காரன் என்று சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அளவு நாடாவுக்கு நீளம் தெரியும், நன்றி தெரியாது.

அடுத்த கூட்டத்தில் எதில்மா எழுந்து நின்றாள். "ஐயா, பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நான் எல்லார் சார்பிலயும் வந்தவ. ஆனா இந்த மனுஷனுக்கு நான் தனியா கடன்பட்டவ. என் மக லூஸ் மேரி உயிரோட இருக்கறது இவர் மதிலை இடிச்சதால. அதையும் மனசுல வச்சுக்கிட்டு நான் சொல்றதைக் கேளுங்க."

பொறியாளர் கேட்டார். கேட்டுவிட்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பொது வழிக்கு யாராவது நிலத்தை இலவசமாக விட்டிருந்தால், அதன் மதிப்பை அவருடைய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று அதில் ஓர் இடம் இருந்தது. "ஆனா ஆதாரம் வேணும். பத்திரம் இருக்கா?"

"எங்க மேட்டுலயா?"

"அப்போ சாட்சிகள் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம்."

எதில்மா சிரித்துவிட்டாள். பிறகு அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. "ஐயா, எங்காளுங்க கல்யாணப் பதிவுலயே பேனாவைப் பிடிக்க யோசிப்பாங்க. கையெழுத்துக்கு பதிலா ஆளே வந்து நின்னா ஆகாதா?"

அவர் பேனா மூடியைக் கடித்தார். "நான் இடத்தைப் பார்வையிடலாம். கண்டதையும் கேட்டதையும் நானே எழுதி, நானே கையெழுத்துப் போடலாம். ஆனா ஊர் வரணும். அந்த வேலையைச் செஞ்சவங்க அந்த இடத்துல நின்னு சொல்லணும். ஒருத்தர் ரெண்டு பேர் போதாது. இன்னொண்ணு. அவருக்குக் குறைஞ்சா மத்த எல்லாருக்கும் ஏறும். அதை மறைச்சுக் கூப்பிடக் கூடாது."

"மறைக்கறதா?" என்றாள் அவள். "மறைச்சுச் செய்யற நல்லதைக் கடவுள் கணக்குல எழுதறதில்லை, ஐயா."

முதலில் கறிக்கடைக்குப் போனாள். ரூபியெல் எலும்பு வெட்டிக்கொண்டிருந்தான்.

"அவருக்கு இறங்கும், எனக்கு ஏறும். சரியாத்தானே கேக்கறேன்?" கத்தியை மரக்கட்டையில் செருகினான். "இதைச் சொல்லவா உங்களைப் பிரதிநிதியாக்கினோம்?"

"நீ தூக்கத்துலதான ஆக்கின."

"அதான் தப்பாப் போச்சு. முழிச்சிருந்தா வேற யாரையாவது போட்டிருப்பேன்."

"ரூபியெல், அந்த நாற்காலியோட ஒரு காலைப் பிடிச்சுத் தூக்கினவன் நீ."

"தூக்கினேன். இன்னிக்கு வரைக்கும் தோள் வலிக்குது. அதுக்கு எனக்கு யார் கழிச்சுக்கறாங்க?"

நோரல்பா வேறு மாதிரி பேசினாள். வாடிக்கைக்காரியின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டே, "தோன்யா, எனக்கு அவர்மேல ஒரு வருத்தமும் இல்லை. ஆனா எனக்கு வந்த சீட்டே கட்ட வழியில்லை. அதுமேல இன்னும் கொஞ்சம் ஏத்துங்கன்னு நானே போய் நிக்கணுமா? யெய்சனோட ஷூவைப் பாருங்க," என்றாள். எதில்மா பார்த்தாள். விரல் தெரிந்தது. இல்லாத பதிலைத் தேடிப் பேசிக்கொண்டிருப்பதும் ஒரு வகைப் பொய்தான் என்று நினைத்து, "சரி மகளே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

மரக்கிடங்குக்காரன், "அந்தாளு மனையை வித்தா மூட்டை மூட்டையாப் பணம். அவருக்கு இரக்கப்படறதுக்கு நீங்க ஒருத்தர்தான் பாக்கி," என்றான்.

"வித்துட்டு எங்க போவாரு?"

"பணம் இருக்கறவன் எங்க வேணா போவான்."

"எழுபது வயசுல அவருக்கு 'எங்க வேணா'ன்னா ஒரே ஒரு இடந்தான்," என்றாள் எதில்மா.

எல்லா வீட்டிலும் அவள் ஒரே சொற்களைத்தான் சொன்னாள். அவருக்கு இறங்கும், நமக்கு ஏறும், ஞாயிறு பூசை முடிந்ததும் பாதையில் சட்டி வைப்பேன், வருகிறவர்கள் வாருங்கள். யாரிடமும் கெஞ்சவில்லை. தோன் லிசார்தோவிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவர் வேண்டாம் என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மேடு மூடுபனியில் இருந்தது. எதில்மா கோயில் கூடத்திலிருந்து பெரிய அலுமினியச் சட்டியை எடுத்துவந்து, சாலை வேலைக்காரர்கள் விட்டுப்போன மூன்று கற்களின் மேல் வைத்து, தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, தீ மூட்டினாள். ஒரு கட்டு கொத்தமல்லியும் வெங்காயத் தாளும் அவளுடைய பங்கு. பொறியாளர் மழைச் சட்டையோடு வந்து ஒரு குழாயின் மேல் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. வந்தார்.

தண்ணீர் கொதித்தது. யாரும் வரவில்லை.

"இது என்ன, வெந்நீருக்கா என்னைக் கூப்பிட்டீங்க?" என்றார் பொறியாளர், வருத்தம் தெரியாமல் இருக்கட்டும் என்று.

"உப்புப் போட்டிருக்கேன், ஐயா."

பேச்சுச் சத்தம் கேட்டு தோன் லிசார்தோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்ன தோன்யா, என் சுவரோரமா எதைச் சமைக்கறீங்க?"

"இன்னும் எதையும் இல்லை."

பனிக்குள்ளிருந்து முதலில் வந்தது யாரும் எதிர்பாராத ஆள். நோரல்பா. ஒரு கையில் மகன், மறு கையில் இரண்டு வாழைக்காய். வாழைக்காயைச் சட்டியில் போட்டாள். எதில்மாவின் முகத்தைப் பார்க்காமல், "கல்யாணமாகி வந்த புதுசு. இந்தக் கல்லுலேர்ந்து அந்தக் கொய்யா மரம் வரைக்கும் என் மாமியாரோட மண் சுமந்தேன்," என்று பொறியாளரிடம் சொன்னாள். "எழுதிக்குங்க. நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போட வேண்டாம்," என்றார் பொறியாளர், எழுதிக்கொண்டே.

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மரவள்ளி வந்தது, மக்காச்சோளம் வந்தது, உருளைக்கிழங்கு வந்தது. கோயில் மணி அடிக்கும் கிழவன் தான் தோண்டிய இடத்தில் போய் நின்று, அது இரண்டு அடி தள்ளி என்று பக்கத்தில் நின்றவன் சொல்ல, இருவரும் சண்டை போட்டார்கள். மரக்கிடங்குக்காரன் வரவில்லை. ஆனால் அவன் தாயார் வந்தாள், கையில் ஒரு பூசணித் துண்டோடு. "என் பையனுக்குக் காய்ச்சல்," என்றாள். யாரும் என்ன காய்ச்சல் என்று கேட்கவில்லை.

கடைசியில் ரூபியெல் வந்தான். தோளில் ஒரு முழு மாட்டுத் தொடை எலும்பு, கறியோடு. அதை எதில்மாவின் காலடியில் வைத்துவிட்டு, "கோழி போட முடியாதவங்க ஊருல, கறிக்கடைக்காரன் இதையாவது போடணுமில்ல," என்றான். பிறகு பொறியாளரிடம், "மதிலோட முதல் கல்லை இடிச்சது அவர். ரெண்டாவதை நான். ரெண்டாவதுக்கு ஏதாவது கழிவு உண்டா?"

"இல்லை."

"தெரியும். சும்மா கேட்டு வச்சேன்."

தோன் லிசார்தோவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. தொப்பியைக் கழற்றி, திரும்ப வைத்து, திரும்பக் கழற்றினார். "எனக்காகவா இதெல்லாம்? உங்க பங்கு ஏறுமே, பாவிகளா!"

"ஏறினா ஏறிட்டுப் போகுது," என்றாள் நோரல்பா. "வீடும்தான் ஏறுது. நீங்க எங்க ஏறுவீங்க, முட்டியை வச்சுக்கிட்டு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. ஓரமாக நின்ற ஒரு பெண் எதில்மாவைக் கேட்டாள், "தோன்யா, நீங்க எந்த இடத்துல தோண்டினீங்க?"

"நான் தோண்டலை," என்றாள் எதில்மா. "நான் அன்னிக்கு ஆஸ்பத்திரியில."

"ஆமா, பிள்ளை பெத்தவங்களுக்கு ஊர்ல தள்ளுபடி உண்டு," என்று ரூபியெல் சட்டியைக் கிளறினான். பேச்சு வேறு பக்கம் போனது.

பொறியாளரின் அறிக்கையைக் குழு ஏற்றது. பக்கத்து முகப்பு தோன் லிசார்தோவின் கணக்கிலிருந்து போயிற்று. மிஞ்சியதைத் தவணையில் கட்டுகிற அளவுக்கு அது இறங்கியது. மருந்துக் கடைக்காரன் கீழே வேறொரு மனையை வாங்கிக்கொண்டான். மற்ற எல்லோருக்கும் கொஞ்சம் ஏறியது. திருத்திய சீட்டுகள் வந்த அன்று மேட்டில் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் இந்த முறை கதவுகள் திறந்தன. சீட்டைக் கையில் வாங்கி, திட்டிக்கொண்டே மடித்து உள்ளே வைத்தார்கள். தபால்காரனுக்கு ஒரு வீட்டில் காப்பிகூடக் கிடைத்தது.

எதில்மாவை எல்லோரும் பாராட்டினார்கள். குருவானவர் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொன்னார். அவளுக்கு அது ஒட்டவில்லை. ஊர் கொடுத்தது ஊர்ப் பணம், ஊர் பட்ட கடனுக்கு. அவள் கேட்டு வாங்கிக் கொடுத்தாள், அவ்வளவுதான். அவள் பட்ட கடன் தொடாமல் அப்படியே இருந்தது. கொன்விதேயில் ஒரு முறை உண்டு: நோயோ சாவோ, எந்தக் காரணத்தால் வர முடியாமல் போனாலும், வராதவர் ஒரு நாள் வேலை பாக்கி. யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் பாக்கி பாக்கிதான். ரூபியெல் தள்ளுபடி என்று சொன்னது அன்பு. அன்பால் தள்ளுபடி ஆனதைச் செலுத்தக் கூடாது என்று எந்த வேதமும் சொல்லவில்லை.

பாலம் திறக்கும் நாள் வந்தது. வாத்தியக் கோஷ்டி, கொடி, அகுவார்தியெந்தே சாராயம். மேடு முழுக்கப் பாலத்துக்குப் போனது. தோன் லிசார்தோ வெள்ளைச் சட்டை போட்டு, ரூபியெலின் வண்டியில் முன்னிருக்கையில் உட்கார்ந்து போனார். தலைவலி என்று சொல்லி எதில்மா பின்தங்கினாள். அது பொய். அதற்காக அவள் பிறகு குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டாள்.

சாலை வேலையில் வாரிய மண்ணும் உடைந்த கல்லும் தோன் லிசார்தோவின் வீட்டுப் பின்புறத்து வாய்க்காலில் சரிந்து அடைத்திருந்தன. போன மழையில் தண்ணீர் அவருடைய சமையலறைக்குள் வந்துவிட்டது. ஒப்பந்தக்காரன் ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். சொன்னதோடு சரி. தோன் லிசார்தோ வாசலில் மூட்டை போட்டுத் தடுத்து வைத்திருந்தார். யாரிடமும் முறையிடவில்லை. இனி இந்த ஊரிடம் எதையும் கேட்பதற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது.

எதில்மா கணவனின் பழைய மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்க வேலியைத் திறந்து உள்ளே போனாள். பாவாடையைச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். முதலில் பெரிய கற்களைப் பெயர்த்துக் கரையோரம் வரிசையாக வைத்தாள், இனி மண் சரியாதபடி. பிறகு சேற்றை வெட்டி வாழை அடிகளில் போட்டாள். தையல் வேலை செய்த கை, கொஞ்ச நேரத்தில் கொப்புளித்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வெட்டினாள். வெயில் உச்சிக்கு வந்தபோது கொண்டுவந்திருந்த அரேப்பா என்ற சோள ரொட்டியைத் தின்று, குழாயில் தண்ணீர் குடித்து, மறுபடி இறங்கினாள். பாலத்திலிருந்து வாத்தியம் காற்றில் வந்தும் போயும் கேட்டது. அவள் மனசுக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பத்து ஜெபத்துக்கும் அடுத்த பத்துக்கும் நடுவே லூஸ் மேரியின் பெயரைச் சொன்னாள்.

கடைசிக் கட்டி பெயர்ந்ததும் தேங்கியிருந்த தண்ணீர் ஒருமுறை சுழன்று, பள்ளத்தை நோக்கி ஓடத் தொடங்கியது. அவள் அது தெளிகிற வரை நின்று பார்த்தாள். பிறகு சமையலறை வாசலில் கிடந்த மூட்டைகளை இழுத்து ஓரமாக வைத்தாள். ஈர மண்ணில் பதிந்திருந்த தன் கால் தடங்களை மண்வெட்டியின் முதுகால் தட்டிச் சமன் செய்தாள். வேலியைச் சாத்தி, கயிற்று வளையத்தை மாட்டிவிட்டு, வீட்டுக்குப் போனாள்.